கக்கயம் முதல் கோட்டை ஸ்டேஷன் வரை

(கரமனையில் ஜூன் 25 அன்று மாலை நடந்த நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



டீக்கடையிலும் சரி, எங்கள் ரயில்வே ஆபீசிலும் சரி, வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒரு பேச்சு காதில் விழுகிறது. "இந்த நாட்டுக்கு ஒரு ஆறு மாசம் மிலிட்டரி ஆட்சி வரணும். அப்பத்தான் எல்லாப் பயலும் ஒழுங்குக்கு வருவான்." சொல்லுகிறவர் கெட்டவர் அல்ல. தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்காக நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு நடந்தவர். அந்த வயிற்றெரிச்சலில் சொல்லுகிறார். உடனே பக்கத்தில் இருக்கும் பெரியவர் ஒத்து ஊதுவார்: "எமர்ஜென்சியில் ரயில் எல்லாம் நேரத்துக்கு ஓடுச்சு, தெரியுமா?"

இந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லத்தான் இன்றைய கூட்டம். 1975-ம் வருடம் இதே ஜூன் 25 இரவில்தான் அவசர நிலைப் பிரகடனத்தில் ஜனாதிபதி பக்ருதீன் அலி அகமது கையெழுத்துப் போட்டார். எங்களில் பலர் அன்று பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்த 21 மாதம் நம்மை விட்டு இன்னும் போகவில்லை என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறோம்.

முதலில் மிலிட்டரி ஆட்சி. அது எப்படியிருக்கும் என்று தமிழன் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பர்மாவிலிருந்து வந்தவர்களைக் கேட்டாலே போதும். 1962 மார்ச் 2-ந் தேதி ஜெனரல் நெ வின் ஆட்சியைப் பிடித்தார். ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகத்து மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்கு நம் ஆட்களில் சிலர், "நமக்கென்ன, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்றுதான் இருந்திருப்பார்கள். இரண்டே வருடம். கடைகள் தேசியமயம். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தது ஒரே நாளில் வெறும் காகிதம். சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார்கள். ஏராளமான தமிழர்கள் கட்டிய துணியோடு சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். சென்னை பர்மா பஜாரும், தமிழ்நாட்டு ஊர்களில் இருக்கிற பர்மா காலனிகளும் அப்படி உண்டானவைதான். பிறந்த மண்ணுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகப் புறப்பட்ட சிலரை எல்லையில் மறித்தார்கள். அவர்கள் அந்த மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். இன்றும் அங்கே தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஆறு மாதத்துக்கு என்று யாரும் மிலிட்டரியைக் கூப்பிட முடியாது, தோழர்களே. நெ வின் 1988 வரை இருந்தார். 2021 பிப்ரவரி 1-ந் தேதி அங்கே மறுபடியும் ராணுவம்தான் ஆட்சியைப் பிடித்தது.

நம் நாட்டில் ராணுவம் தெருவுக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதுதான் விசேஷம். பேனா போதுமானதாக இருந்தது. காக்கிச் சட்டை போதுமானதாக இருந்தது. விசாரணையே இல்லாமல் மிசாவிலும், பாதுகாப்பு விதிகளிலும் பிடித்து உள்ளே போட்டவர்கள் 1,10,000-க்கும் மேல். இந்தக் கணக்கு பிறகு ஷா கமிஷனில் வந்தது.

ரயில் நேரத்துக்கு ஓடியது என்றார்களே, அந்த விஷயத்தை ரயில்வேக்காரர்களான எங்களிடம் விடுங்கள். அந்த ரயிலை ஓட்டியவன் யார்? 1974 மே 8-ந் தேதி சுமார் 17 லட்சம் ரயில்வே தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள், போனஸ் கேட்டார்கள். லோகோ ஊழியர்கள் ஒரேயடியாகப் பத்து மணி, பதினான்கு மணி நேரம் எஞ்சினில் வெந்துகொண்டிருந்த காலம் அது. இந்தத் திருவனந்தபுரம் டிவிஷன் அப்போது இல்லை, 1979-ல்தான் பிறந்தது; இங்கிருந்தவர்கள் மதுரை டிவிஷன்காரர்கள். இருபது நாள் போராட்டத்தை எப்படி உடைத்தார்கள்? ஜார்ஜ் பெர்னாண்டஸ் உள்ளிட்ட தலைவர்களை வேலை நிறுத்தம் தொடங்கும் முன்பே பிடித்தார்கள். பல்லாயிரம் பேரை ஜெயிலில் போட்டார்கள், ஆயிரக்கணக்கில் வேலையைவிட்டு நீக்கினார்கள், குவார்ட்டர்ஸில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் வெளியே தள்ளினார்கள். அடுத்த வருடம் நாடு முழுவதற்கும் வந்ததற்கு ஒத்திகை எங்கள் தண்டவாளத்தில்தான் நடந்தது. வேலையும் போய் வீடும் போய்விடும் என்று பயந்தவன் வண்டியை நேரத்துக்கு ஓட்டாமல் என்ன செய்வான்? அந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தில் அளப்பது?

இனி கேரளத்துக்கு வருவோம். நாம் சோறு தின்கிற மண் இது. இதன் கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோழிக்கோட்டுக்குப் பக்கம் சாத்தமங்கலத்தில் ரீஜினல் எஞ்சினீயரிங் காலேஜ். அதில் கடைசி வருடம் படித்த மாணவன் ராஜன். நன்றாகப் பாடுவான். அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். 1976 பிப்ரவரி 28-ந் தேதி காயண்ணா போலீஸ் ஸ்டேஷனை நக்சலைட்டுகள் தாக்கினார்கள். மார்ச் 1-ந் தேதி விடியற்காலை, கலைவிழாவுக்குப் போய்த் திரும்பிய ராஜனையும், உடன் படித்த இன்னொரு மாணவரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. போன இடம் கக்கயம். மலைக்கு மேலே, மின்சார வாரியத்துக் கட்டடத்தில் போலீஸ் முகாம். கிரைம் பிராஞ்ச் டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் அதற்குத் தலைமை.

அங்கே 'உருட்டல்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். நமக்கு உலக்கை தெரியும். நெல் குத்த, மாவு இடிக்க நம் வீட்டில் வைத்திருக்கிற சாமான். ஆளை பெஞ்சில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கட்டி, வாயை அடைத்துவிட்டு, அந்த உலக்கையைத் தொடைமேல் வைத்து இரண்டு பக்கமும் அழுத்தி உருட்டுவது. தோல் கிழியாது. ரத்தம் வெளியே வராது. உள்ளே சதை எலும்பைவிட்டுக் கழன்றுவிடும். தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறீர்கள். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஏனென்றால் 'விசாரித்தார்கள்' என்று பத்திரிகையில் ஒரே வார்த்தையில் போட்டுவிடுகிறார்கள்.

மார்ச் 2-ந் தேதி ராஜன் அந்த முகாமில் செத்துப்போனான். உடலை எங்கேயோ கொண்டுபோய் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். இன்றுவரை ஓர் எலும்புத்துண்டுகூடக் கிடைக்கவில்லை.

காலேஜ் பிரின்சிபால் எழுதிய கடிதத்தில்தான் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. கக்கயத்துக்குப் போனார், உள்ளே விடவில்லை. உள்துறை மந்திரி கருணாகரனைப் பார்த்தார். முதலமைச்சர் அச்சுத மேனோனைப் பார்த்தார். ஒரு வருடம் அலைந்தார். பிடித்தோம் என்றும் சொல்லவில்லை, இறந்தான் என்றும் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். கோர்ட்டின் கதவைத்தான் பூட்டிவிட்டார்களே!

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு மனிதனைச் சர்க்கார் பிடித்துக்கொண்டு போனால், 'அவனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்து' என்று கோர்ட் உத்தரவு போடலாம். அதுதான் ஆட்கொணர்வு மனு, வக்கீல்கள் ஹேபியஸ் கார்ப்பஸ் என்பார்கள். ஒன்பது ஹைகோர்ட்டுகள், அவசர நிலையிலும் இந்த மனுவை விசாரிக்கலாம் என்றன. சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரன் ஒருவனைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? அவசர நிலை இருக்கும்வரை கிடையாது என்றார் சர்க்காரின் தலைமை வக்கீல். ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அதைத் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள். 1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு. கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அதற்குக் கூலியாக 1977 ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியை அவருக்குக் கீழே இருந்தவருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார். அந்தத் தீர்ப்பு தவறு என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்ல 2017 ஆகஸ்ட் வரை ஆயிற்று. அப்படி எழுதிய நீதிபதிகளில் ஒருவர், முன்பு தலையாட்டிய நால்வரில் ஒருவருடைய மகன்!

1977 மார்ச் 21-ல் அவசர நிலை போயிற்று. மார்ச் 25-ந் தேதி ஈச்சர வாரியர் கேரள ஹைகோர்ட்டில் மனுப் போட்டார். அதே நாளில்தான் கருணாகரன் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று சர்க்கார் தரப்பில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் பிடித்ததைக் கண்ட மாணவர்கள் கூண்டில் ஏறினார்கள். முகாமில் கூட இருந்து அடிபட்டவர்கள் ஏறினார்கள். காலேஜ் ஆசிரியர்கள் ஏறினார்கள். நீதிபதிகள் சுப்ரமணியன் போற்றியும் காலித்தும் ஏப்ரல் 13-ல், ராஜனைப் போலீஸ் பிடித்தது உண்மை, அவனைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று தீர்ப்பளித்தார்கள். எங்கிருந்து நிறுத்துவது? ஏப்ரல் 25-ந் தேதி, பதவியேற்று ஒரே மாதத்தில், கருணாகரன் ராஜினாமா செய்தார். ராஜன் கக்கயத்தில் இறந்ததை அதன் பிறகுதான் சர்க்கார் ஒப்புக்கொண்டது.

இதோடு நியாயம் ஜெயித்தது என்று கைதட்டிவிட்டு எழுந்து போகவேண்டாம். மிச்சமும் இருக்கிறது. கிரிமினல் வழக்கு கோயம்புத்தூர் கோர்ட்டில் நடந்தது. உடல் இல்லாததால் கொலை நிற்கவில்லை. சின்னத் தண்டனை கிடைத்தது. அப்பீலில் அதுவும் போயிற்று. கருணாகரன் 1981-ல் மறுபடி முதலமைச்சர். ராஜனின் தாயாருக்கு மனநிலை பாதித்தது. மகன் எப்போது வருவான் என்று அவர் கேட்க, மகன் இல்லை என்று சொல்ல முடியாமல் கணவர் நாளைக் கடத்தினார். அந்தத் தாயார் 2000-ல் இறந்தார். ஈச்சர வாரியர் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு 2006 ஏப்ரல் 13-ல் கண்ணை மூடினார். தீர்ப்பு வந்த அதே தேதி. ராஜன் ஒருவன் மட்டுமா? நம் நகரத்துச் சாஸ்தமங்கலத்திலும் அன்று முகாம் இருந்தது. வர்க்கலை விஜயன் என்ற இளைஞரும் அந்த வருடம் போலீஸ் கையில் காணாமல் போனவர்தான்.

தமிழ்நாடு மட்டும் தப்பியதா? 1976 ஜனவரி 31-ல் ஆட்சியைக் கலைத்தார்கள். சென்னை மத்திய ஜெயிலில் மிசாக் கைதிகளை இரவில் புகுந்து அடித்தார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியில் நொந்து 1977 ஜனவரியில் இறந்தார். அதே மாதம் பெங்களூரில், ஆஸ்துமாவோடு ஜெயிலில் மாதக்கணக்காகக் கிடந்த நடிகை ஸ்நேகலதா ரெட்டி, வெளியே விட்ட சில நாட்களில் இறந்தார்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்க வேண்டாம். 1977 மார்ச் தேர்தலில் வடநாடு இந்த ஆட்சியைத் தூக்கி எறிந்தது. கேரளம்? பார்லிமெண்டுக்கு 20-க்கு 20, சட்டசபையில் 140-க்கு 111 இடத்தை அவர்கள் அணிக்கே கொடுத்தது. தமிழ்நாட்டிலும் 39-க்கு 34. படித்த மாநிலங்கள் என்று பெயர்! பத்திரிகையில் வராதது நடக்கவே இல்லை என்று நம்பினோம். ராஜன் செத்து ஒரு வருடம் கழித்துத்தான் அந்த ஓட்டு விழுந்தது.

இதே காலத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் என்ன நடந்தது பாருங்கள். அர்ஜென்டினாவில் 1976 மார்ச் 24-ல் ராணுவ ஆட்சி வந்தது. அங்கேயும் வீட்டிலிருந்து கொண்டுபோவார்கள், பிறகு அப்படி ஓர் ஆளே கிடையாது என்பார்கள். நம் ஹைகோர்ட் தீர்ப்பு வந்த அதே ஏப்ரல் மாதம், 30-ந் தேதி, பதினான்கு தாய்மார்கள் தலைநகரத்து மே சதுக்கத்தில் கூடினார்கள். பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். கூட்டமாக நிற்கக்கூடாது என்று போலீஸ் விரட்டியது. சரி, நிற்கவில்லை என்று சுற்றி நடந்தார்கள். வியாழக்கிழமைதோறும் நடந்தார்கள். ராணுவ ஆட்சி போனபின் அமைத்த கமிஷன் 1984-ல் கிட்டத்தட்ட 9,000 பேரின் பெயரைப் பட்டியலிட்டது. மனித உரிமைச் சங்கங்கள் 30,000 என்கின்றன. சிறையில் பிறந்த குழந்தைகளை அதிகாரிகளே எடுத்து வளர்த்தார்கள். பாட்டிமார்கள் இதுவரை 130-க்கும் மேற்பட்ட பேரன் பேத்திகளைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் இப்போது நாற்பது வயதுக்கு மேல். ஒரு மனிதன் நடுவயதில், தன்னை வளர்த்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுவதை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒரு நல்லது நடந்தது: 1985-ல் ராணுவத் தலைவர்களையே கூண்டில் ஏற்றி ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். நம் நாட்டில் அப்படி ஒருவருக்கும் நடக்கவில்லை.

தண்டிக்காமல் விட்டதன் பலன் என்ன? உலக்கை கக்கயத்திலேயே கிடக்கவில்லை. 2005 செப்டம்பர் 27. நம் திருவனந்தபுரம். ஓணம் முடிந்த சமயம். ஆக்ரிக் கடையில் வேலை செய்த உதயகுமார் என்ற இளைஞர் ஸ்ரீகண்டேசுவரம் பார்க்கில் இருந்தார். கையில் 4,020 ரூபாய் இருந்தது. ஆக்ரிக் கடைக்காரனிடம் இவ்வளவு பணம் ஏது என்று திருட்டுச் சந்தேகத்தில் கோட்டை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அன்று இரவு அவர் பிணமானார். தொடையில் உருட்டிய காயம். இந்த முறை உலக்கைக்குப் பதில் இரும்புக் குழாய் என்று வழக்கில் சொன்னார்கள். எந்த அவசர நிலையும் அன்று கிடையாது. அரசியல் சட்டம், சட்டசபை, பத்திரிகை, டி.வி. எல்லாம் இருந்தன.

அவருடைய தாயார் பிரபாவதி அம்மா. ஒரே மகன். பணம் இல்லாத தாய், கோர்ட் கோர்ட்டாக ஏறி வழக்கை சி.பி.ஐ.க்குக் கொண்டுபோனார். சாட்சிகள் பிறழ்ந்தார்கள், அவர் பிறழவில்லை. 2018 ஜூலையில் சி.பி.ஐ. கோர்ட் இரண்டு போலீஸ்காரருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. தூக்கு சரியா என்பது வேறு பேச்சு. எங்கள் சங்கத்தில் பலருக்கு அதில் சம்மதம் இல்லை. 2025-ல் ஹைகோர்ட் விசாரணையில் குறைபாடு என்று சொல்லி எல்லோரையும் விடுதலை செய்தது. அப்படியானால் அந்தப் பையனைக் கொன்றது யார்? இருபது வருடத்துக்குப் பின் ஒரு தாய்க்கு நாடு சொன்ன பதில் இதுதான்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் அப்பாவும் மகனுமாக ஜெயராஜ், பென்னிக்ஸ் போனதை நான் விவரிக்க வேண்டாம். இங்கே பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். உள்ளே நடந்ததைச் சொன்ன அந்தத் தலைமைக் காவலர் ரேவதி அம்மாளை மறக்காதீர்கள். காக்கிக்குள்ளும் மனிதர் உண்டு. வயநாட்டில் 1970-ல் வர்கீஸைச் சுட்டது மோதலில் அல்ல, மேலதிகாரி சொல்லித் தானே சுட்டேன் என்று 1998-ல் ராமச்சந்திரன் நாயர் என்ற கான்ஸ்டபிள் வாய் திறந்தார். 28 வருடம் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கிறார். அதனால்தான் 2010-ல் ஓர் ஓய்வுபெற்ற ஐ.ஜி.க்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

இனி நம் விஷயம். பேராசிரியர் மகனுக்கே அந்தக் கதி என்றால், இஸ்திரி வண்டிக்காரனுக்கும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் என்ன பாதுகாப்பு? 'பாண்டிக்காரன்' என்று ஒரு சொல் போதும், சந்தேகம் நம்மேல் விழ. இரண்டு வருடம் முன்பு நம் ஆள் ஒருவரை ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். ஊரும் பேரும் வேண்டாம். அவர் சம்சாரம் கைக்குழந்தையோடு ஓடிவந்தார். நாங்கள் ஆறு பேர் போய் வாசலில் நின்றோம். சத்தம் போடவில்லை. கைது மெமோ எங்கே, அதில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் என்று இரண்டே கேள்வி. விடியற்காலை நான்கு மணிக்கு வெளியே விட்டார்கள். இரண்டு அறை விழுந்திருந்தது. அதோடு போயிற்று.

அந்த இரண்டு கேள்வி எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18-ல் சுப்ரீம் கோர்ட் பதினோரு உத்தரவு போட்டது. பிடிக்கிற போலீஸ்காரர் சட்டையில் பெயர் தெரியவேண்டும். கைது மெமோவில் நேரமும் தேதியும் எழுதி, குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு தடவை டாக்டர் பார்க்கவேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 2024 ஜூலையிலிருந்து கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் பேர் மாறிவிட்டது. இந்த உரிமைகள் மாறவில்லை. ஸ்டேஷனில் யாராவது "அது பழைய சட்டம்" என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. நம் தெருவிலேயே இப்போது வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பையன்கள் குடியிருக்கிறார்கள். ஒரு சைக்கிள் காணாமல் போனால் நம் ஆட்களே அவர்கள் பக்கம் கையை நீட்டுகிறார்கள். முப்பது வருடம் முன்பு நம் அப்பன் பாட்டனைப் பார்த்து நீட்டிய அதே கை. அவர்களில் ஒருவரைப் பிடித்தாலும் நாம் வாசலில் நிற்கவேண்டும் என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசலாம், நேரம் கொடுப்போம்.

கூட்டம் முடிந்ததும் பின்னால் மேசையில் அந்தப் பதினோரு உத்தரவு தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். உங்கள் பேர், வேலை செய்யும் இடம், ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பர், ஊரில் ஒருவர் நம்பர், இவ்வளவையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்க இரண்டு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆக்ரிக் கடைத் தோழர்களை முதலில் விடுங்கள். கடைசி பஸ் பிடிக்கவேண்டியவர்கள் அவர்களில்தான் அதிகம்.